லாரியின் மூக்கு

கல்யாணமான புதிதில் தாணுலிங்கத்துக்குப் பாயில் படுத்தால் தூக்கம் வராது. வாலிப வயது முழுக்க வடக்கு லைனில் லாரி ஓட்டியவர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் முழங்காலை மடக்கிப் படுத்தே பழகிய உடம்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சீனித்தாய் பாயை விரித்துப் போட்டால், அவர் சுவரோரமாய் ஒதுங்கி, காலை மடக்கிக்கொண்டு படுப்பார். பாதிப் பாய் காலியாகக் கிடக்கும்.

"காலை நீட்டிப் படுங்களேன். இங்கன யாரு வரப்போறா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, கேட்டதற்கே வெட்கப்பட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இருவருக்கும் கல்யாணம் பிந்தித்தான் நடந்தது. அவர் தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. அவள் ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்த்து அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். தை மாதம் கல்யாணம். அதற்குச் சற்று முன்னால்தான் அவர் வடக்கு லைனை விட்டுவிட்டு ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கியிருந்தார். முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கமிருக்கிற உப்பளங்களில் மூட்டை ஏற்றித் துறைமுகத்தில் கொண்டு இறக்க வேண்டும். காலையில் போனால் சாயங்காலம் வீடு. அதற்காகத்தான் அந்த லாரியை வாங்கினார் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார். அவர் அன்றைக்குச் சொன்னதே அந்த ஒரு வார்த்தைதான்.

"தெனம் வீட்டுக்கு வந்துருவேன்."

அதைக் கேட்டுத்தான் சீனித்தாய் சம்மதித்தாள்.

ஆனி மாதக் காற்று தொடங்கியதிலிருந்து லாரி மக்கர் பண்ணியது. வெறும் வண்டியாக இருந்தால் ஓடும். மூட்டை ஏற்றிவிட்டால் மேம்பாலத்தில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். பின்னால் வருகிற லாரிகளெல்லாம் ஹாரன் அடிக்கும். டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் ஜீவமணி அண்ணாச்சி இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை சொல்லிவிட்டார்.

"தாணு, கப்பல் ஒனக்காக நிக்காதுடே. இனி ஒரு தடவை வழியில நின்னா ஒன் டர்னை அடுத்தவனுக்குக் குடுத்துருவேன், பாத்துக்கோ."

லாரி இல்லாவிட்டால் என்ன என்பது சீனித்தாய்க்குத் தெரியும். பழைய முதலாளி இன்னமும் போன் பண்ணிக்கொண்டிருந்தார். குஜராத் பக்கம் டிரெய்லர் ஓட்ட ஆள் வேண்டுமாம். போனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரலாம்.

மெக்கானிக் பர்னபாஸ் தாணுலிங்கத்தின் பழைய சேக்காளி. பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருப்பவர். கையில் பிடிக்கிற ஸ்கேனரோடு வீட்டுக்கு எதிரிலுள்ள பொட்டலுக்கே வந்துவிட்டார். சீனித்தாய் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"மைனி முகத்தை இந்தத் தடவையாவது பாக்கலாம்னா செம்புதான் தெரியுது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, என்ஜினிலிருந்து கழற்றிய ஒரு கறுப்புச் சாமானைத் தாணுலிங்கத்தின் கையில் வைத்தார். கட்டைவிரல் அளவுதான். ஒரு பக்கம் பித்தளைப் பின்கள், மறுபக்கம் ஒரு சின்னத் துவாரம். முழுக்கக் கரி.

"பிரஷர் சென்சாருவே. லாரிக்கு மூக்கு மாதிரி. டர்போ தள்ளுத காத்து எவ்வளவு வருதுன்னு இதுதான் மோந்து பாத்துச் சொல்லும். அதுக்குத் தக்கன டீசல் போவும். மூக்கு அடைச்சுக்கிட்டா, காத்தே வரலன்னு நெனச்சு டீசலைக் கொறச்சுரும். பொறவு எப்படி இழுக்கும்?"

"புதுசா மாத்தணுமா?"

"அவசரப்படாதீரும். மொதல்ல கழுவிப் பாரும். இந்தா ஸ்ப்ரே. குச்சியை விட்டுக் குத்தாதீரும். அடிச்சு, காய வச்சு மாட்டும்."

அன்று சாயங்காலம் தாணுலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கழுவினார். வண்டிச் சக்கரம் கழற்றுகிற கை. அந்தச் சின்னச் சாமானை அவர் குருவிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தார். ஸ்ப்ரே அடிக்க அடிக்கக் கரி கறுப்புத் தண்ணீராய்ச் சொட்டியது. கடைசியில் பித்தளைப் பின்கள் மின்னின. பழைய தினத்தாள் ஒன்றை ஜன்னலில் விரித்து அதில் வைத்துவிட்டு, அதற்கு மாட்டுகிற ரப்பர் வளையம் வாங்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

சீனித்தாய் ஜன்னலண்டை வந்து பார்த்தாள். கடல் காற்று நேரே அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. பளபளவென்று பச்சைப்பிள்ளை மாதிரி கிடக்கிறது. இந்த உப்புக் காற்றில் இது எத்தனை நாளைக்கு?

அவள் பிறந்த வீட்டில் எண்ணெய் காட்டாத இரும்பு கிடையாது. உப்பளத்து வீடுகளில் அப்படித்தான். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கும்போது அதில் மிஞ்சிய விளக்கெண்ணெயைக் கீழே கொட்டமாட்டார்கள். ஒரு துணித்துண்டில் நனைத்து, கதவுக் கொண்டி, பூட்டு, மண்வெட்டி, அரிவாள்மணை, சைக்கிள் செயின் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தடவு. சாமிக்கு முன்னால் எரிந்த எண்ணெய். துருவும் ஏறாது, கண்ணேறும் படாது. யாரும் யாரிடமும் சொல்லிச் செய்கிற காரியமில்லை. வாசல் கூட்டுவது போல அது ஒன்று.

அவள் இந்த வீட்டிலும் வைத்திருந்த எண்ணெய்த் துணியை எடுத்துவந்து பித்தளைப் பின்களுக்குத் தடவினாள். துவாரத்துக்குள்ளும் உலோகம் தெரிந்தது. பஞ்சைத் திரித்து எண்ணெயில் தோய்த்து அதற்குள்ளும் விட்டாள். அவர் கை வழுக்கிவிடக் கூடாதென்று வெளிப்பக்கத்தை மட்டும் முந்தானையால் நன்றாகத் துடைத்து, இருந்த மாதிரியே வைத்தாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்காக லாரியில் அவள் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் லாரி நன்றாக இழுத்தது. அதற்கு அடுத்த நாளும் ஒப்பேறியது. பிறகு மறுபடியும் மேம்பாலத்தில் மூச்சு வாங்கியது.

அவர் மறுபடியும் கழுவினார். அவள் மறுபடியும் எண்ணெய் தடவினாள்.

அப்புறம் பர்னபாஸ் சொல்லிப் புது சென்சாரே வாங்கி வந்தார்கள். எந்தப் புதுச் சாமானையும் தாணுலிங்கம் நேராக வண்டியில் மாட்டமாட்டார். முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, குளித்துவிட்டு வந்து, கும்பிட்டுத்தான் எடுப்பார். அவர் குளிக்கப் போனார். அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்த சீனித்தாய்க்கு, புதுசு என்பதால் இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவத் தோன்றியது.

புது சென்சாரும் அந்த வாரமே கைவிட்டது.

பர்னபாஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. சென்சாரைக் கழற்றித் துவாரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தொட்டுத் தேய்த்தார்.

"எண்ணெய்வே. புதுசுலயும் எண்ணெய். மூக்குல கோளாறு இல்ல, உள்ளதான் கோளாறு. டர்போ சீல் போயிட்டுது. என்ஜின் ஆயிலைக் காத்தோட சேத்துத் தள்ளுது. அதுல கரி ஒட்டி அடைக்குது. இனி எத்தன சென்சார் மாத்தினாலும் இதே கததான்."

"டர்போ மாத்தினா?"

"மாத்தலாம். என்ஜின் எந்தக் கதியில இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும். பழைய வண்டி. ஒமக்கு நான் வெளிய ஆளுக்குச் சொல்லுதமாரிச் சொல்ல மாட்டேன். இதுல மேக்கொண்டு போடுதது வேஸ்ட்டு. ஓடுத நெலமையில இருக்கும்போதே தள்ளிவிட்டுரும்."

தாணுலிங்கம் லாரியின் பம்பரில் சாய்ந்து நின்றார். கதவுக்குப் பின்னால் நின்ற சீனித்தாய்க்குச் சென்சார் விவகாரம் விளங்கவில்லை. 'தள்ளிவிட்டுரும்' என்றது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை லாரியை விலை பேசப் புரோக்கர் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை ஜீவமணி அண்ணாச்சி கடைசியாக ஒரு லோடு கொடுத்திருந்தார். அன்று காலையில் தாணுலிங்கம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே எங்கோ பார்த்துக் கேட்டார்.

"நீயும் வாரியா?"

"எங்க?"

"லாரியிலதான். கல்யாணமாகி ஒரு நா கூட ஒன்ன ஏத்திக்கிட்டுப் போகல. பொறவு ஏறணும்னா லாரி இருக்காது."

அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். லாரிப் படி உயரம். அவர் கீழே நின்று கை கொடுத்தார். பட்டப்பகலில், தெருவில், அவர் கையைப் பிடித்து ஏறுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பிரேமா பார்த்துவிட்டாள்.

"ஏளா சீனி, ஊர்கோலமா? பின்னால மேளம் வருதா?"

சீனித்தாய் கண்ணாடி வழியாகச் சிரித்தாள். கேபினுக்குள் டீசல் வாசமும் அவர் வாசமும் கலந்திருந்தன. சீட்டுக்குப் பின்னாலிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு ஒடுக்கம். அதில் ஒரு ஆள் எப்படிப் படுக்க முடியும் என்று நினைத்தாள். குஜராத் டிரெய்லரிலும் இப்படி ஒரு பலகை இருக்கும்.

உப்பளத்தில் லோடு ஏற்றி முடித்து, தார்ப்பாய் கட்டிக் கிளம்பினார்கள். ரோட்டின் இருபக்கமும் வெள்ளையாய் உப்புக் குவியல்கள். காற்று கண்ணாடியில் பொடிப் பொடியாய் உப்பைக் கொண்டுவந்து ஒட்டியது. அவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"பயமா இருக்கா?"

"இல்ல. உசரமா இருக்கு. எல்லாரும் சின்னதாத் தெரியுதாங்க."

மேம்பாலம் வந்தது. ஏறத் தொடங்கியதுமே என்ஜின் சத்தம் கம்மியது. அவர் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். லாரி கேட்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது. மேலே போக முயலாமல், மெதுவாகப் பின்னுக்கு இறக்கிப் பாலத்தடி மண்தரையில் ஒதுக்கி நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு தண்ணீர் லாரிக்காரன் கத்திவிட்டுப் போனான்.

"ஏலே, பேரிச்சம்பழத்துக்குப் போடுலே அதை!"

தாணுலிங்கம் காதில் விழாத மாதிரி இறங்கினார். அவளையும் இறக்கிவிட்டு, கேபினை முன்பக்கமாகக் கவிழ்த்தார். மாடு தலையைக் குனிந்து கொடுப்பதுபோல் கேபின் மொத்தமும் குனிந்தது. சீனித்தாய்க்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளேயிருந்து அனல் அடித்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் சென்சாரைக் கழற்றி எடுத்தார்.

"பாரு. புதுசு இது. அதுக்குள்ள எப்படி ஆயிருக்கு."

முதல் தடவையாக அவள் அதை அவர் கண்ணெதிரே பார்த்தாள். துவாரத்தில் கரியும் பசையுமாகக் குழம்பு மாதிரி ஒன்று அடைத்திருந்தது.

"இது என்னது?"

"எண்ணெய்தான். இது கொஞ்சம் போலப் பட்டாலும் போதும், கரியெல்லாம் வந்து ஒட்டிக்கிடும். டர்போவுல இருந்து எண்ணெய் கசியுதுன்னு பர்னபாஸ் சொல்லுதான்லா? அது இதை வச்சுத்தான். எண்ணெய் இங்கன வரவே கூடாது. வந்துட்டுன்னா என்ஜின் போச்சுன்னு அர்த்தம்."

சீனித்தாய் ஒரு எட்டு கிட்டே வந்தாள். வெயில் மண்டையில் அடித்துக்கொண்டிருந்தது.

"அதுல எண்ணெய் படக் கூடாதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"படவே கூடாது."

அவள் அந்தச் சாமானைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உப்புப் பொடி அவர் புருவத்தில் படிந்திருந்தது. சொல்லாமலே இருந்துவிடலாம். இனிமேல் தடவாமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும். ஆனால் சரியாவதற்கு லாரி இருக்க வேண்டுமே. நாளை மறுநாள் புரோக்கர் வருகிறான். சொன்னால் இவர் என்ன சொல்வார்? இத்தனை நாள் இவர் பட்ட அவமானம், ஜீவமணி அண்ணாச்சியின் பேச்சு, சற்றுமுன் அந்தத் தண்ணீர் லாரிக்காரனின் கத்தல் எல்லாமே தன் கையால் வந்தது என்று தெரிந்தால்? கல்யாணமாகி இன்னும் ஒரு தடவைகூட அவர் குரலை உயர்த்தியதில்லை. அந்த முதல் தடவை இன்றைக்குத்தானோ?

"அதைக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

அவர் கொடுத்தார். அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். கரி வாசம், டீசல் வாசம். அதற்கு அடியில் திரி கருகிய விளக்கெண்ணெய் வாசம். தினமும் அவள் விளக்கிலிருந்து வருகிற அதே வாசம்.

"இது லாரி எண்ணெய் இல்ல" என்றாள். "நம்ம வீட்டு எண்ணெய்."

அவருக்கு விளங்கவில்லை.

"நாந்தான் தேச்சேன். கழுவி ஜன்னல்ல வைப்பீங்கல்லா, அப்ப. துரு ஏறிரும்னு தேச்சேன். இந்தப் புதுசுக்கும் நாந்தான். உள்ள வரைக்கும் பஞ்ச விட்டுத் தேச்சேன்."

அவர் சென்சாரை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மேலே பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஏசுங்க" என்றாள் அவள். "பேசாம நிக்காதீங்க. ஏசிருங்க."

"கதவுக் கொண்டி முந்தி கிறீச்சுனு கத்தும். இப்பக் கத்த மாட்டேங்குதே, அதுவும் நீதானா?"

"ஆமா."

"அலமாரிப் பூட்டு?"

"ஆமா."

"எம் பெல்ட்டு பக்கிள்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆமென்று அசைத்தாள்.

"அதான் சட்டைக்கெல்லாம் வயித்துல ஒரு கறை. சோப்பு சரியில்லைன்னு மூணு சோப்பு மாத்திட்டேன்ளா!"

அவர் சிரிக்கத் தொடங்கினார். சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. சிரித்துக்கொண்டே பாலத்துத் தூணில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அதில் கிரீஸ் இருந்ததைப் பார்த்து, திருப்பி நல்ல பக்கமாக மடித்துக் கொடுத்தார்.

"அப்ப டர்போ நல்லா இருக்கு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "என்ஜின் நல்லா இருக்கு சீனி."

பர்னபாஸுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"என்னவே, நின்னுட்டுதா?"

"நின்னுட்டுது. ஆனா காரணம் தெரிஞ்சிட்டு. டர்போ இல்ல. வேற ஏதோ எண்ணெய், வெளிய இருந்து பட்டிருக்கு."

"வெளிய இருந்து எப்படிவே படும்? காக்கா கொண்டாந்து ஊத்துச்சா?"

தாணுலிங்கம் அவளைப் பார்த்தார். "எப்படியோ பட்டிருக்கு, விடும். கை தவறி..."

சீனித்தாய் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். பர்னபாஸோடு அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணாச்சி, நாந்தான். நாந்தான் வெளக்கெண்ணெய் தேச்சேன். இவுக மேல தப்பில்ல. நீங்க சொன்னதுலயும் தப்பில்ல."

அந்தப் பக்கம் ஏதோ ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம். பிறகு பட்டறையே கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"மாதாவே! மைனி, கொரலைக் கேக்கதுக்கு நான் ஒரு டர்போவையே கொல்ல வேண்டியிருந்துச்சே! தலைக்குத் தேய்ங்க, காலுக்குத் தேய்ங்க, இந்தத் தாணுவுக்கு வேணும்னா பாதத்துல இருந்து உச்சி வரைக்கும் தேய்ங்க. லாரி மூக்குல மட்டும் தேய்க்காதீங்க. ஏ தாணு, ஸ்ப்ரே வச்சிருக்கீரா? நல்லா அடிச்சுக் கழுவும். எண்ணெய்ப் பசை துளி இருக்கப்படாது."

கேபின் பெட்டியில் ஸ்ப்ரே இருந்தது. சென்சாரை அவள் பிடித்துக்கொள்ள அவர் அடித்தார். கறுப்பாய் வழிந்தது, பிறகு மஞ்சளாய், பிறகு வெறும் தண்ணீராய். விரல்கள் சில்லிட்டன. அவர் போதும் என்றார். அவள் இன்னும் ஒரு தடவை என்றாள். உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டிக்கொண்டு நின்றாள். காற்று உப்போடு வந்து அதன்மேல் அடித்தது. மற்றக் கையால் மறைக்கப் போனவள், அவர் பார்ப்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அது தாங்கும்" என்றார். "காத்துலதான் அது வேலையே."

சென்சாரை மாட்டி, கேபினை நிமிர்த்தி, அவளை மறுபடி ஏற்றினார். பாலத்துக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டார். லாரி ஏறியது. பாதி வழியில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். என்ஜின் உறுமியது, கம்மவில்லை. பாலத்தின் உச்சிக்கு வந்தபோது தூரத்தில் கடலும் துறைமுகத்துக் கிரேன்களும் தெரிந்தன. அவர் தேவையே இல்லாமல் ஹாரனை நீளமாக ஒரு அடி அடித்தார்.

துறைமுக வாசலுக்குள் பாஸ் இல்லாமல் யாரையும் கூட்டிப் போக முடியாது. வரிசையில் நிற்கும்போதே அவர் புரோக்கருக்குப் போன் பண்ணினார். "திங்கக்கெழம வர வேண்டாம். ஆமா. லாரி குடுக்குத மாதிரி இல்ல. நல்லாத்தான் இழுக்குது." அடுத்ததாகக் குஜராத்துக்குக் கூப்பிட்ட பழைய முதலாளியின் நம்பரைத் தேடி எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவரிடமும் அதிகம் பேசவில்லை. "வர முடியாது மொதலாளி, வீட்ல ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலுக்கு முன்னால் இருந்த டீக்கடையில் அவளை இறக்கிவிட்டார்.

"எறக்கிட்டு வந்துருவேன். இங்கனயே இரு. டீ குடி."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தார்ப்பாய் காற்றில் படபடக்க, லாரி வாசலுக்குள் போய் மற்ற லாரிகளோடு கலந்து மறைந்தது. டீக்கடைக்காரி கிளாஸைக் கொண்டுவந்து வைத்தாள்.

"யாருக்குக் காத்திருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"கப்பலுக்குப் போயிருக்காரா? எப்ப வருவாரு?"

"லாரிதான்" என்றாள் சீனித்தாய். "இப்ப வந்துருவாரு."